கறை படிந்த துப்பாக்கியின் மதிப்பு: வாரிசுக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

முன்னோர் விட்டுச் சென்ற துப்பாக்கி பாகத்தில் வந்து சேர்ந்திருக்கும் குடும்பத்தாருக்கு,

ஒரு பழைய துப்பாக்கியின் விலையை வழக்கமாக மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, எவ்வளவு கெடாமல் இருக்கிறது, அதே மாதிரி இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன. பரம்பரையாக வந்த துப்பாக்கிக்கு நான்காவதாக ஒன்று சேர்கிறது. அது யார் யார் கையில் இருந்தது, அந்தக் கைகள் அதைக் கொண்டு என்ன செய்தன என்பதே அது. அந்த வரலாற்றில் கொலையோ தற்கொலையோ திருட்டோ போர்க்கொள்ளையோ இருந்தால் விலை ஏறுமா, இறங்குமா என்று வாரிசுகள் கேட்கிறார்கள். இரண்டும் நடக்கிறது. சில துப்பாக்கிகள் அந்தக் கறையாலேயே லட்சக்கணக்கில் விலை போகின்றன. சில, கறையின் காரணமாகவே காலணாவுக்கும் விற்க முடியாதவை ஆகின்றன. பெரும்பாலானவற்றின் விலையில் கறை எந்த மாற்றமும் செய்வதில்லை.

எந்தத் துப்பாக்கி எந்த வகை என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். ஆனால் அவற்றை வரிசை மாறாமல் கேட்க வேண்டும். அதை வைத்திருக்கவும் விற்கவும் குடும்பத்துக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா? அதைப் பற்றிச் சொல்லப்படும் கதைக்குச் சான்று இருக்கிறதா? அந்தக் கதைக்காகக் கிடைக்கும் பணத்தில் வேறு யாருக்காவது நியாயம் இருக்கிறதா? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையானால், மற்ற இரண்டும் விலையைப் பொறுத்தவரை வீண்.

உரிமையில் முதலில் பார்க்க வேண்டியது திருட்டு. திருட்டுப் பொருளை எத்தனை பேர் நல்லெண்ணத்தோடு வாங்கி விற்றாலும் திருடியவனிடம் இல்லாத உரிமை அடுத்தவருக்கு வந்துவிடாது என்பது அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படை. 1775இல் பென்சில்வேனியாவில் கிறிஸ்டியன் ஓர்ட்டர் என்ற கைவினைஞர் செய்த ஒரு ரைஃபிள், 1971இல் வேலி ஃபோர்ஜ் பூங்காவின் காட்சிக்கூடத்திலிருந்து களவு போனது. செய்தவர் பெயரும் ஆண்டும் தெரிந்த, அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்து அபூர்வமான துப்பாக்கி அது. சுமார் 47 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பழம்பொருள் வியாபாரியின் கைக்கு வந்தபோது அது என்னவென்று அடையாளம் தெரிந்தது. அருங்காட்சியகத் தரத்திலான அந்தப் பொருளுக்கு, வைத்திருந்தவர் கையில் விற்பனை மதிப்பு எதுவும் இல்லை. 2019இல் அது உரியவர்களிடம் திரும்பிச் சென்றது. தாத்தா காசு கொடுத்துத்தான் வாங்கினார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்றாகலாம். துப்பாக்கியின் உரிமைக்குச் சான்றாகாது.

அடுத்தது வரிசை எண். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் எல்லாத் துப்பாக்கிகளிலும் வரிசை எண் பொறிப்பது கட்டாயமானது. அதற்கு முன் வந்த விலை குறைந்த வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில் எண்ணே இருக்காது. அது குறையும் இல்லை, குற்றமும் இல்லை. எண் இருந்து அதை அரமிட்டோ உளியால் கொத்தியோ அழித்திருந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். எண் இருக்க வேண்டிய இடம் சுற்றிலும் உள்ள இரும்பைவிடப் பளபளப்பாகவோ சற்றுக் குழிந்தோ காணப்பட்டால், அதை விலை கேட்டுக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசுவதே முறை.

உரிமைக் குறை ஒரு துப்பாக்கியின் விலையை அடியோடு அழிப்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, போரிலிருந்து வீரர்கள் கொண்டுவந்த இயந்திரத் துப்பாக்கிகள். அமெரிக்கச் சட்டம் 1934 முதல் இவற்றைப் பதிவு செய்யச் சொல்கிறது. 1968 நவம்பரில், பதியாமல் விட்டவர்களுக்குப் பொது மன்னிப்போடு ஒரு மாத அவகாசம் தரப்பட்டது. அப்போது பதிந்த தாள் இன்று பெட்டியின் அடியில் இருந்தால், வாரிசு அந்தத் துப்பாக்கியை மாற்றல் வரியின்றித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். தனியாருக்கான புதிய பதிவு 1986இல் நின்றுவிட்டதால் அதன் விலை பல்லாயிரம் டாலர். தாள் இல்லையென்றால், அதே தொழிற்சாலையில் அதே வாரம் செய்த இன்னொரு துப்பாக்கிக்கு விலை இல்லை. இப்போது பதிய வழியும் இல்லை. வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை. அதிகாரிகளிடம் ஒப்படைப்பதுதான் மிச்சம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு தாள்.

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் இறுக்கமானது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தனி மனிதருக்கே தரப்படுகிறது. அவர் காலமானதும் வீட்டில் இருக்கும் துப்பாக்கி உரிமமற்ற ஆயுதமாகிறது. சட்டப்படியான வாரிசு அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, தன் பெயரில் உரிமம் கேட்க வேண்டும். அல்லது வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்க வேண்டும். விதித்த காலத்துக்குள் இரண்டும் நடக்காவிட்டால் அது அரசுக்குப் போய்விடும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. ஆகவே லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒரு பழந்துப்பாக்கி என்ன விலைக்குப் போனது என்ற செய்தி, மதுரையிலோ மைசூரிலோ இருக்கும் துப்பாக்கிக்கு அளவுகோல் ஆகாது.

உரிமை தெளிவாக இருந்தால் சான்றைப் பார்க்கலாம். ‘கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு’ என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் எச்சரிக்கை. கதைக்குத் தாள் இல்லாவிட்டால் அவர்கள் கதைக்குத் தனியாக விலை தருவதில்லை என்பதே அதன் பொருள். இதைப் பார்க்க ஏறத்தாழ ஒரே வகையான இரண்டு துப்பாக்கிகள் கிடைத்திருக்கின்றன. இரண்டும் 7 மில்லிமீட்டர் லெஃபோஷோ வகை ரிவால்வர்கள். இரண்டும் பாரிஸில் ஏலம் போனவை. இரண்டும் ஒரு கலைஞனின் துயரத்தோடு இணைந்தவை.

முதலாவது, கவிஞர் பால் வெர்லேன் 1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸில் வாங்கி, அதே நாளில் சக கவிஞர் ஆர்தர் ரேம்போவைச் சுட்டது. குண்டு ரேம்போவின் மணிக்கட்டில் பாய்ந்தது; வெர்லேன் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். வழக்கு நடந்ததால் காவல்துறைக் குறிப்பும் நீதிமன்ற ஆவணமும் இருக்கின்றன. துப்பாக்கியை விற்ற கடையோடும் அதன் தொடர்பு தெரிந்திருந்தது. 2016 நவம்பரில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் 50,000 முதல் 60,000 யூரோ வரை எதிர்பார்த்தது. கிடைத்தது 4,34,500 யூரோ.

இரண்டாவது, ஓவியர் வின்சென்ட் வான் கோ 1890 ஜூலையில் தன்னைச் சுட்டுக்கொண்ட துப்பாக்கியாக இருக்கலாம் என்று கருதப்படுவது. ஒவேர்-சுர்-ஊவாஸ் ஊரில், அவர் சுட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும் வயலில், 1960களில் ஒரு விவசாயிக்கு அது கிடைத்தது. கைப்பிடிக் கட்டை போய், இரும்பு முழுக்கத் துரு தின்ற நிலையில் இருந்தது. வயல் பொருந்துகிறது, மருத்துவர் குறித்த தோட்டாவின் அளவு பொருந்துகிறது, மண்ணில் கிடந்த காலமும் பொருந்துகிறது. ஆனால் இது வான் கோவின் கையில் இருந்தது என்று சொல்லும் தாள் எதுவும் இல்லை. 2019 ஜூனில் அது 1,62,500 யூரோவுக்கு விற்றது. உலகமே அறிந்த பெயர் வான் கோ. ஆனாலும் உறுதியான துப்பாக்கி பெற்றதில் பாதிகூட ‘இருக்கலாம்’ என்ற துப்பாக்கிக்குக் கிடைக்கவில்லை. ஏலங்களில் வாங்குவோரின் மனநிலை போன்ற வேறு காரணங்களும் உண்டு. இருந்தும், ‘இதுதான்’ என்பதற்கும் ‘இதுவாக இருக்கலாம்’ என்பதற்கும் சந்தை எவ்வளவு வேறுபாடு பார்க்கிறது என்பது இதில் தெரிகிறது.

கலங்கிய கடந்த காலத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அமைதியாகக் கைமாறிய துப்பாக்கி எந்தத் தடயமும் விடுவதில்லை. வம்பில் சிக்கியது தாள்களை விட்டுச் செல்கிறது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைக் குறிப்பு, நீதிமன்றச் சான்றுப்பொருள் எண், செய்தித்தாள் துணுக்கு, உடன்பிறந்தோர் போட்ட உரிமை வழக்கு என எல்லாமே பிற்காலத்தில் சான்றாகின்றன. ஷெரிஃப் பேட் காரட் 1881 ஜூலை 14 அன்று நியூ மெக்சிகோவில் ‘பில்லி தி கிட்’ என்ற இளைஞனைச் சுட்டுக்கொன்ற கோல்ட் ரிவால்வர், காரட்டின் மறைவுக்குப் பிறகு எல் பாஸோ நகரில் ஒரு மதுக்கடைக்காரரிடம் இருந்தது. கடைக்காரர் இறந்ததும் காரட்டின் மனைவி அதைக் கேட்டு வழக்குத் தொடுத்து மீட்டார். குடும்பத்துக்கு அது அலைச்சல்தான். ஆனால் அந்த வழக்கே துப்பாக்கி எந்தெந்தக் கைகள் வழியாக வந்தது என்பதை எழுத்தில் நிறுத்தியது. 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் அது 60 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது.

சந்தேகம் எழுந்துவிட்டால் அதைத் தீர்ப்பதும் சான்றுதான். ஆபிரகாம் லிங்கனைக் கொன்ற சிறிய டெரிஞ்சர் கைத்துப்பாக்கி வாஷிங்டனில் ஃபோர்ட்ஸ் தியேட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை யாரோ திருடி, போலி ஒன்றை வைத்துவிட்டதாகப் பேச்சு எழுந்தபோது, 1997இல் மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. அதைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு அசல்தான் என்று முடிவு சொன்னது. கட்டையில் உள்ள மரவரிகளும் பழைய விரிசலும் பொய் சொல்வதில்லை. துப்பாக்கியை எல்லாப் பக்கமும் நெருங்கிப் படம் எடுத்துத் தேதியிட்டு வைப்பது இதனால்தான் முக்கியம்.

சான்றோடு கூடிய கெட்ட பெயருக்குச் சந்தையில் விலை உண்டு என்பதை நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. ஜனாதிபதி கென்னடியை 1963 நவம்பர் 22 அன்று சுட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட், அந்த இத்தாலிய ரைஃபிளைத் தொலைநோக்கியோடு அஞ்சல் வழியாக 19 டாலர் 95 சென்டுக்கு வாங்கியிருந்தார். கொலைக்குப் பிறகு, அந்த ரைஃபிளுக்கும் அவருடைய ரிவால்வருக்குமாக ஒரு சேகரிப்பாளர் அவருடைய மனைவி மரீனாவுக்கு 10,000 டாலர் கொடுத்தார். ஆனால் 1965இல் ஒரு தனிச் சட்டத்தின் மூலம் அமெரிக்க அரசு சான்றுப்பொருள்களை எல்லாம் தன்வசம் எடுத்துக்கொண்டது. எடுத்த பொருள்களுக்கு அரசு ஈடு தர வேண்டும். மரீனாவிடமிருந்து எடுத்த ஆஸ்வால்டின் மற்ற உடைமைகளுக்கு எவ்வளவு என்பதில்தான் வழக்கு வந்தது. பழைய பொருளுக்குப் பழைய பொருளின் விலை என்று கணக்கிட்டால் 3,000 டாலர். சேகரிப்பாளர்கள் தரக்கூடிய விலையைச் சேர்த்தால் 17,729 டாலர். கீழ் நீதிமன்றம் முதல் தொகையைத் தந்தது. 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவதே சரி என்றது. பொருளின் மதிப்பு என்பது சந்தையில் விரும்பி வாங்குபவர் தரும் விலை. அந்த விருப்பம் ஒரு கொடுமையிலிருந்து பிறந்தது என்பதற்காக அதைக் கணக்கிலிருந்து நீக்க முடியாது.

அந்த ஆஸ்வால்டைக் கொன்ற ஜாக் ரூபியின் கோல்ட் கோப்ரா ரிவால்வர் 62 டாலர் 50 சென்டுக்கு வாங்கப்பட்டது. 1967இல் ரூபி இறந்த பிறகு, உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தவருக்கும் ரூபியின் சகோதரருக்கும் இடையே அது யாருக்கு என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1991இல் தீர்ந்த பிறகே ஏலத்துக்கு வந்து 2,20,000 டாலருக்குப் போனது. உரிமை முதலில், விலை பிறகு என்ற வரிசை இதிலும் மாறவில்லை.

இந்த எண்களைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன் வாரிசுகள் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். மேலே சொன்ன துப்பாக்கிகளின் விலை வன்முறைக்குக் கிடைத்த விலை இல்லை. ஊரறிந்த வரலாற்றோடு அவற்றுக்கு இருந்த தொடர்புக்குக் கிடைத்த விலை. பக்கத்து ஊருக்குக்கூடத் தெரியாத ஒரு குடும்பச் சண்டையில், ஒரு தற்கொலையில், ஒரு வேட்டை விபத்தில் பயன்பட்ட துப்பாக்கிக்கு அப்படி ஒரு கூடுதல் விலை வராது. அதே மாதிரியான இன்னொரு துப்பாக்கி என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் இதற்கும். நடந்ததைச் சொன்னால் சிலர் வாங்கத் தயங்குவார்கள், அது இயல்பு. சொல்லாமல் விற்று, பிறகு வாங்கியவருக்குத் தெரியவந்தால் குடும்பத்தின் சொல்லுக்கே மதிப்புப் போய்விடும்.

மூன்றாவது கேள்வி நியாயம் பற்றியது. இறந்தவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. காயம் பச்சையாக இருக்கும்போது விலை கேட்பது அந்தக் குடும்பத்தை இன்னொரு முறை அடிப்பதாகும். சந்தையும் அப்போது ஒழுங்காக இயங்குவதில்லை. 2012இல் புளோரிடாவில் 17 வயது ட்ரேவான் மார்ட்டின் சுட்டுக்கொல்லப்பட்டான். சுட்டவர் நீதிமன்றத்தில் விடுதலையானார். 2016இல் அந்தத் துப்பாக்கியை இணையத்தில் ஏலம் விட முனைந்தபோது, ஒரு பெரிய விற்பனைத் தளம் அதை உடனே நீக்கியது. இன்னொன்றில் கோடிக்கணக்கான டாலருக்குப் போலி ஏலக் கேள்விகள் குவிந்தன. இதற்கு நேர்மாறான முறையும் உண்டு. குண்டு வைத்து மூவரைக் கொன்ற ‘யூனாபாமர்’ டெட் கசின்ஸ்கியின் உடைமைகளை 2011இல் அமெரிக்க அரசு ஏலம் விட்டபோது, கிடைத்த சுமார் 2.3 லட்சம் டாலர் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போனது. கெட்ட பெயருக்குக் கிடைக்கும் கூடுதல் பணத்தைக் கையாள இதைவிட நேர்மையான வழியைக் காண்பது கடினம்.

கறை ஒரு மனிதரோடு நில்லாமல் ஒரு நாட்டின் இழப்பாகவும் இருக்கலாம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்தபின், அவருடைய ஆயுதங்கள் பிரிட்டிஷ் படையினரால் அள்ளிச் செல்லப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் தாமஸ் ஹார்ட் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் சில பொருள்கள் இங்கிலாந்தில் பெர்க்ஷயர் பகுதியில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தன. அவற்றுள் வெள்ளி வேலைப்பாடுள்ள ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கியும் இருந்தது. அதன் கட்டையின் இடப்பக்கம் ஒரு குண்டு பட்டுச் சேதமாகியிருந்தது. வேறு துப்பாக்கியாக இருந்தால் அந்தச் சேதம் விலையைக் குறைத்திருக்கும். இதற்கோ அது கடைசிப் போரில் இருந்ததன் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. 2019 மார்ச்சில் 60,000 பவுனுக்கு அது விற்றது. இந்தியாவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை ஏலத்துக்கு முன்பே எழுந்தும் விற்பனை நிற்கவில்லை. திப்புவுக்காக 1793–94 அளவில் செய்யப்பட்டு, பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸுக்கு அளிக்கப்பட்டதாகக் கருதப்படும் இன்னொரு துப்பாக்கிக்கு 20 லட்சம் பவுன் மதிப்பிடப்பட்டது. 2023இல் அது பிரிட்டனை விட்டு வெளியேறுவதற்கு அந்நாட்டு அரசு தற்காலிகத் தடை விதித்தது. இன்று விற்கத் தடையில்லாத கொள்ளைப் பொருளுக்கு நாளை அருங்காட்சியகங்களும் பெரிய ஏல நிறுவனங்களும் கதவடைக்கலாம். அத்தகைய பொருளைப் பெற்ற குடும்பம் விலைக்கு முன் திருப்பித் தருவதைப் பற்றி யோசிப்பது கடமை.

இனி, துப்பாக்கி கையில் இருக்கும்போது செய்ய வேண்டியவை. முதலில் அதில் தோட்டா இருக்கிறதா என்று தெரிந்தவர் பார்க்க வேண்டும். பழைய வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளில் நூறாண்டுக்கு முன் கெட்டித்த மருந்து அப்படியே இருப்பதுண்டு. எதையும் சுட்டுப் பார்க்கக் கூடாது. அமெரிக்க ராணுவத்தின் 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்களில் வரிசை எண் 8,00,000க்குக் கீழ் உள்ளவற்றின் எஃகு, பதப்படுத்தியபோது அளவுக்கு மீறிச் சூடேறியதால், உடையும் தன்மை கொண்டிருக்கலாம். சேகரிப்பாளர்கள் அவற்றை விரும்பி வாங்குவார்கள். சுடுவதற்கு எடுக்க மாட்டார்கள்.

அடுத்து, எதையும் துடைத்துப் புதுசாக்கக் கூடாது. பரிதாபப்பட்டு எமரித் தாளால் துருவைத் தேய்ப்பதும், கட்டைக்கு வார்னிஷ் பூசுவதும், கறுப்புச் சாயம் ஏற்றுவதும் மதிப்பைப் பெருமளவு குறைக்கும். சான்றாக நிற்கக்கூடிய பொறிப்பும் கீறலும் அந்தத் தேய்ப்பில் போய்விடும். அவமானம் என்று நினைத்துப் பழைய வழக்குத் தாள்களைக் கிழித்தெறிவதும் இதற்குச் சமமான இழப்பு.

பிறகு, கதையை எழுத வேண்டும். வீட்டில் உள்ள மூத்தவர் யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எப்படிக் கேட்டார் என்பதை அவர் வாயால் சொல்லவைத்து, வரிசை எண்ணைக் குறித்து, கையெழுத்தும் தேதியும் வாங்கி, நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாக வைப்பது நல்லது. தெரிந்ததும் ஊகித்ததும் தனித்தனியாக இருக்க வேண்டும். கோல்ட் போன்ற நிறுவனங்கள் வரிசை எண்ணை வைத்து, துப்பாக்கி என்று, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருகின்றன. வின்செஸ்டரின் பழைய பேரேடுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி நகரின் பஃபலோ பில் மையத்தில் உள்ளன. 1863ஆம் ஆண்டுச் சண்டையில் தாத்தாவின் தாத்தா ஏந்தியது என்று சொல்லப்படும் துப்பாக்கி 1870இல்தான் செய்யப்பட்டது என்று அந்தக் கடிதம் சொன்னால், குடும்பம் அதை ஏற்றுக்கொள்வதே மரியாதை.

மதிப்பீட்டாளரிடம் இரண்டு தொகை கேட்க வேண்டும்: கதை இல்லாமல் எவ்வளவு, சான்றுள்ள கதையோடு எவ்வளவு. பாகப்பிரிவினையில் முதல் தொகையை எழுதிவிட்டு, ஒருவர் மட்டும் இரண்டாம் தொகைக்கு விற்றால் உடன்பிறந்தோரிடையே புதிய வழக்கு பிறக்கும். மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருக்கக் கூடாது.

எல்லாம் தெரிந்த பிறகு குடும்பத்தின் முன் சில வழிகள் இருக்கின்றன. சட்டப்படி வைத்துக்கொள்ளலாம், முழுக் கதையையும் சொல்லி விற்கலாம், அருங்காட்சியகத்துக்குத் தரலாம், உரிய குடும்பத்துக்கோ நாட்டுக்கோ திருப்பலாம், அதிகாரிகள் மூலம் அழித்துவிடலாம். வீட்டில் ஓர் உயிரைக் குடித்த துப்பாக்கியை அழிப்பது பணத்தை வீணாக்குவதாகாது. மெக்சிகோவின் குலியாக்கான் நகரில் மக்கள் ஒப்படைத்த 1,527 துப்பாக்கிகளைக் கலைஞர் பெட்ரோ ரெயஸ் உருக்கி, மரம் நடுவதற்கான 1,527 மண்வெட்டிகளாக மாற்றினார். எந்த வழியை எடுத்தாலும், அந்தத் துப்பாக்கி எப்படி வந்தது, என்ன செய்தது, எங்கே போனது என்ற முழுப் பதிவையும் குடும்பம் அடுத்த தலைமுறைக்கு எழுத்தில் விட்டுச் செல்ல வேண்டும்.